ஜோடிக் கத்திரிக்காய்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் அவள் வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதும் பேசுவாள். நுரை வழிந்து சட்டை நனையும், பேச்சு மட்டும் நிற்காது. கொஞ்ச நேரம் வாயை மூடுடி என்று நான் கத்தாத நாள் கிடையாது. அதே பிள்ளை பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஊமை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான்.

பிறவியிலேயே வந்த குணம் இல்லை அது. அதற்குக் காரணம் நான்தான், அதை யாரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். என் மகள் ரோஜாப்பூ. நான்கு வரி சொல்ல வேண்டும், வீட்டில் நாற்பது தடவை சொல்லிக் காட்டினாள். அந்த வாரம் பார்த்து எங்கள் ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். அவள் அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் வேலை, அவரும் போகவில்லை. பிள்ளை மேடையில் நின்று கூட்டத்தில் எங்களைத் தேடியிருக்கிறாள். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அடுத்த வருஷமும் போட்டி வந்தது. இந்த முறை தலைப்பு, நம்ம ஊர் பெருமை. யாருக்கு எந்த வேஷம் வேண்டும் என்று மிஸ் காலையிலேயே வாட்ஸப் குரூப்பில் கேட்டிருக்கிறார். எங்களுக்குக் கம்பெனியில் தையல் லைனில் உட்காரும்போது போன் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியம் சாப்பாட்டுக்கு வந்து திறந்து பார்க்கிறேன், வேலூர்க் கோட்டை போய்விட்டது, பிரியாணி போய்விட்டது, ஏலகிரி மலை போய்விட்டது, பாலாறு போய்விட்டது. ஷூவைக்கூட யாரோ ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டது. ஷூ தைக்கிறவள் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்! மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் முள்ளுக் கத்திரிக்காய். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். இந்தத் தடவையும் பேசவில்லை என்றால் இனிமேல் எதிலும் சேர்க்க வேண்டாம், பிள்ளையைப் போட்டு வதைத்த மாதிரி ஆகும், ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள் என்றார். என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அவள் பேசினால் உங்கள் பள்ளிக்கூடம் தாங்காது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அழுகை. டாக்டர் என்ற ஒரு வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"நீ வந்து நின்னா சொல்றேன். வரலன்னா போவ மாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இனி கம்பெனி தலைகீழாக நின்றாலும் போயாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆம்பூர் பஜாரில் வேஷம் வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. அங்கே கிருஷ்ணர் இருக்கிறார், போலீஸ் இருக்கிறார், ஆப்பிள் இருக்கிறது, கேரட் இருக்கிறது. கத்திரிக்காயை யாரும் இதுவரை கேட்டதே இல்லையாம். கேரட்டை எடுத்துக்கொண்டு போங்கள், காயில் என்ன பெரிய வித்தியாசம் என்றான் கடைக்காரன். போடா நீயும் உன் கேரட்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டு இறங்கி வந்தேன். நாமே செய்தால் என்ன, பதினோரு வருஷமாகத் தையலில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு திமிர்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். ஷூ கம்பெனியில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறாய், ஒரு ஜோடி செய்து கொடு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு ஜாணுக்கும் குறைவான தையல். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு துண்டு சேரும் அல்லவா, அந்த இடத்தை மட்டும் அடிப்பேன். பதினோரு வருஷமும் அதேதான். எனக்கு முன்னால் இருப்பவள் ஓரத்தை மடிப்பாள், அவளுக்கு முன்னால் இருப்பவள் சொல்யூஷன் பசை தடவுவாள், அதற்கும் முன்னால் அண்ணன் ஒருவர் வெட்டித் தருவார். முழு ஷூவை எங்களில் ஒருத்தியும் செய்தது கிடையாது.

அது வீட்டில் சார்ட் பேப்பரை விரித்ததும் தெரிந்துவிட்டது. வரைந்தேன், வெட்டினேன், ஒட்டினேன். மகள் உள்ளே நுழைந்து நின்றாள். தவிலுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. அவள் அப்பா பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாராம். அன்றைக்கு அவருக்குக் குழம்பு ஊற்றவில்லை, ரசத்தோடு எழுந்து போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லைனில் விஷயத்தைச் சொன்னேன். மடிக்கிற அக்காதான் எங்கள் செட்டுக்குப் பெரியவள். யோசிக்கவே இல்லை. நீ ஒருத்தி செய்தால் அப்படித்தான் இருக்கும், லைனில் விடு, எல்லாரும் சேர்ந்து எடுத்துவிடலாம் என்றாள். கம்பெனி சாமானைத் தொடக் கூடாது, பொருள் நம்முடையதாக இருக்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்று மூன்று கட்டளை போட்டாள். சூப்பர்வைசர் திருப்பத்தூர்ப் பையன், கல்யாணம் ஆகாதவன். அவனிடம் கேட்டதற்கு, என் கண்ணில் படாமல் செய்யுங்கள் என்றான். பட்டாலும் பார்க்கமாட்டான் என்று புரிந்துகொண்டோம்.

பொருளுக்கு வேஸ்ட் கடைக்குப் போனேன். கம்பெனிகளில் கழித்துப் போடும் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி எடைபோட்டு விற்கிற பாய் கடை. கத்திரிக்காய்க் கலர் வேண்டும் என்று கேட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் மூட்டைக்குள் இடுப்புவரை இறங்கி, கலர் சரியில்லை என்று கழித்த லைனிங் துணி ஒரு சுருள் எடுத்தார். அசல் கத்திரிக்காய், அப்படி ஒரு பளபளப்பு. கூடவே ஒரு கை பச்சைத் துண்டுகளும், முதுகுக்கு வைக்க ஃபோமும். "கத்திரிக்கா ஜாஸ்தி இருக்கட்டும்மா, கம்மியா இருந்தா பிரியாணி இறங்காது" என்று சொல்லி, எடை போடாமலே கட்டிக் கொடுத்தார். இப்போதும் பஜாரில் பார்த்தால் கத்திரிக்காய் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்.

மகளின் அளவை நான் பேப்பரில் வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். முன்பக்கம், பின்பக்கம், தலைக்குக் காம்புத் தொப்பி. தொப்பியில் ஐந்து பச்சை இதழ், நடுவே ஒரு ஜாண் உயரத்துக்கு வளைந்த காம்பு. இதழில் முள் வேண்டும். எங்கள் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பைப் பிடித்து வெட்டும்போது கையைக் குத்திவிடும், அப்படி ஒரு முள். அதைச் சின்னச் சின்னத் துண்டாகச் சுருட்டி ஒட்டலாம் என்றாள் சொல்யூஷன்காரி.

வெட்டுகிற அண்ணன் பேப்பரை வாங்கினார், துணியில் வைத்தார், வெட்டினார். அடுத்தவள் தடவினாள். அக்கா மடித்தாள். நான் அடித்தேன். நாலு நாள் சாப்பாட்டு நேரம் போனது. வாயில் சோறும் கையில் வேலையுமாக ஓடியது. பேச்சும் சிரிப்பும் கேலியும் அப்படி. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டதில்லை. பக்கத்து லைனிலிருந்து வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் கடைசி டேபிளில், நூல் பிசிறு வெட்டுகிற பெண் எல்லாவற்றையும் வழக்கம்போல வரிசையாகப் பரப்பினாள். பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, உனக்கு ரெட்டைப் பிள்ளையா அக்கா என்று கேட்டாள்.

போய்ப் பார்க்கிறேன், டேபிள்மேல் இரண்டு கத்திரிக்காய். ஒன்றின் காம்பு இடது பக்கம் வளைகிறது, இன்னொன்றின் காம்பு வலது பக்கம் வளைகிறது. அச்சாக ஒரு ஜோடி.

வெட்டுகிற அண்ணன் இருபது வருஷமாக ஒரு துண்டை வெட்டினால் உடனே அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொன்றையும் வெட்டுகிறவர். வலது வெட்டினால் இடது வெட்டியாக வேண்டும். கை தானாகத் திருப்பிவிட்டது. சரி, அவர்தான் வெட்டினார். தடவினவள் இரண்டுக்கும் தடவியிருக்கிறாள். அக்கா இரண்டையும் மடித்திருக்கிறாள். எல்லாரையும் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இரண்டையும் அடித்தவள் நான். என் பிள்ளைக்கு ஒரு தலைதான், அதைப் பெற்றவளே நான்தான், எனக்கும் தோன்றவில்லை! அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறி, நாங்கள் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அன்றைக்குச் சூப்பர்வைசர்கூட வந்து நின்று வெளிப்படையாகவே பார்த்துவிட்டுப் போனான்.

போட்டிக்கு முன்தினம் இடதுகாம்புக் கத்திரிக்காயை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மகள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முள் நிஜமாகக் குத்துகிறதா என்று அப்பாவின் கையில் அழுத்திப் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். சொன்னேன், இத்தனை பேர் சேர்ந்து என்று. ஒவ்வொருவரும் எதைச் செய்தார்கள் என்று விரல்விட்டுக் கேட்டுக்கொண்டாள். பிறகு இந்த முறை சொல்ல வேண்டிய நான்கு வரியையும் சுவரைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். எங்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினாள்.

போட்டி பத்து மணிக்கு. அவள் அப்பா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் பர்மிஷன் வேண்டும் என்று பதினைந்து நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் அன்றைக்குக் காலையில் சீட்டை நீட்டியதும் சூப்பர்வைசர் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஷிப்மென்ட், மேலே கேட்பார்கள், கொஞ்சம் பார்க்கலாமே அக்கா என்று இழுத்தான். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். அது ஏறுவதைவிட மோசம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

"போன வருஷம் நான் போவல சார். இந்த வருஷம் போறேன். மேல எழுதறதா இருந்தா எழுதுங்க."

ஒரு நொடி பார்த்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான். என் மெஷினில் யார் உட்காருவது என்பதை அதற்குள் அக்கா முடிவு செய்துவிட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது பின்னாலேயே வந்து, இரண்டாவது கத்திரிக்காயின் தொப்பியை என் பைக்குள் திணித்தாள். அப்போதுதான் முள் ஒட்டி முடித்திருந்தார்கள், சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியது. இது எதற்கு என்றேன். எங்கள் இடத்தில் ஒற்றை ஷூ என்றால் ரிஜெக்ட், ஜோடி சேராமல் ஒரு பெட்டியும் மூடாது, அது அவள் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

"ஜோடிய பிரிக்காத. போன தபா கொழந்த ஒத்தையா நின்னுதான் அழுதுச்சி. தொப்பியாவது கூட போவட்டும், எடுத்துனு போ."

வாதாட நேரமில்லை. ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். பைபாஸில் இறங்கி, கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

போய்ச் சேரும்போது பிரியாணி அண்டா மேடையில் பேசிக்கொண்டிருந்தது. நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. பின்னால் நிற்கிற கூட்டத்துக்கும் பின்னால்தான் எனக்கு இடம். என் உயரம் ஐந்தடிகூடக் கிடையாது. எனக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாமார்கள். இந்த இடுக்கில் நான் மேடையைப் பார்க்கலாம், மேடையிலிருந்து என்னை யாரும் பார்க்க முடியாது. கொஞ்சம் வழிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அசைவார்களா!

கோட்டை வந்தது, போனது. ஷூ வந்தது, பளபளவென்று மின்னிவிட்டுப் போனது. பிறகு என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். முள்ளுக் கத்திரிக்காய் மெதுவாக நடந்து வந்து மைக் முன்னால் நின்றது. அவ்வளவு அழகு. என் கண்ணே பட்டுவிடும் என்று நினைத்தேன்.

பேசவில்லை. தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வரிசை வரிசையாகத் தேடினாள். நான் இங்கே இருக்கிறேன் பாப்பா என்று கையை ஆட்டினேன். தூக்கிய போன்களுக்கு நடுவே என் கை எங்கே தெரியும்? மிஸ் ஓரத்திலிருந்து முதல் வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். பிள்ளை கேட்கவில்லை. அவள் உதடு கோணுவது எனக்குத் தெரிந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த கோணல், அழுகைக்கு ஒரு மூச்சு முந்தி வருவது. சத்தியம் பண்ணினவள் வந்தும் வராதவளாக நிற்கிறேன். போன வருஷமும் இப்படித்தானே நின்றிருப்பாள்.

என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. பையில் கையை விட்டேன், தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினேன், பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றேன். நீலக் கோட்டும் பச்சைக் காம்புமாக.

முதலில் பார்த்தது பின்வரிசை. ஒருவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டினார். அப்புறம் வரிசை வரிசையாகத் திரும்பினார்கள். போன்களும் என் பக்கம் திரும்பின. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டையும் அண்டாவும்கூட எழுந்து நின்று சிரித்தன. முந்நூறு பேர் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காது சுட்டது. பெரிய மனுஷி எனக்கே இப்படி என்றால் ஆறு வயதில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த நிமிஷம் என் பிள்ளைமேல் எனக்கு வந்த பாசத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மகள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலரும் என்று நினைத்தேன். மலரவில்லை. புருவம் சுருங்கியது. சிரிக்கிற கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தாள். குரல் ஏறவில்லை, இறங்கி வந்தது.

"எங்கம்மாவ பாத்து யாரும் சிரிக்காதீங்க."

கூட்டம் கப்பென்று அடங்கியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. மிஸ் வாயில் கையை வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரிப்பை நிறுத்தினார்களா என்று என் மகள் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தான் முள்ளுக் கத்திரிக்காய் என்றும், வேலூர் அணைக்கட்டுப் பக்கம் விளைவதாகவும், தான் இல்லாமல் ஆம்பூரில் பிரியாணி இல்லை என்றும் சொன்னாள். நான்கு வரியில் ஒன்றை விட்டுவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். எந்த வரி என்று எனக்குத் தெரியாது. ஸ்டூல்மேல் நின்று அழுதுகொண்டிருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே கேட்டது?